வாடை, கலங்கல், ஜிவ்வு: தண்ணீர்த் திடலில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி

"குளோரின் வாடை தூக்குதுங்க, கொஞ்சம் கம்மியா போடுங்க."

கடலூர் – புதுச்சேரி சாலையில் பதினோரு வருடமாகக் குழந்தைகளின் தண்ணீர்த் திடல்களைப் பராமரித்து வருகிறேன். வாரம் ஒரு தடவையாவது இது காதில் விழும். சொல்பவர் முதலாளியாக இருப்பார், இல்லையென்றால் பிள்ளையோடு வந்த அம்மா. வேடிக்கை என்னவென்றால், அப்படி வாடை தூக்கும்போது பெரும்பாலும் குளோரினைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். காரணம் கீழே வரும்.

தண்ணீர்த் திடல் என்றால் தரையிலிருந்து பீய்ச்சும் ஜெட், காளான் குடை, கவிழும் வாளி, சின்ன ஃபைபர் சறுக்கு. விழுந்த தண்ணீர் சல்லடை வழியாக நிலத்தடித் தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து மோட்டார், மணல் ஃபில்டர், மறுபடி ஜெட். கன்னியக்கோவில், தவளக்குப்பம் பக்கத்து விடுதிகளிலும் கடலூரில் நான் போகும் ஒன்றிரண்டு பள்ளிகளிலும் இதுதான் அமைப்பு. உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பார்ப்பவர் கண்ணுக்கு இது ஓடுகிற தண்ணீர், அதனால் சுத்தமானது. உண்மையில் தொட்டியில் இருக்கும் 10,000 லிட்டர்தான் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. 3 லட்சம் லிட்டர் நீச்சல் குளத்தில் 40 பேர் இறங்கினால் தண்ணீருக்குத் தெரியவே தெரியாது. இங்கே அதே 40 பேர் 10,000 லிட்டரில். பாதிப் பேர் டயப்பர் வயது. ஜெட் மேலேயே உட்காருவார்கள், வாயைத் திறந்து குடிப்பார்கள். அதனால் இதைக் குளிக்கும் தண்ணீராக நினைக்காமல் குடிக்கும் தண்ணீராக நினைத்து வேலை செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

காரணத்தை யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாத கோளாறுகள் சில உண்டு. யாருக்காவது தண்ணீரிலோ கம்பியிலோ ஷாக் அடித்தது, தரைச் சல்லடையோ உறிஞ்சு வாய் மூடியோ உடைந்திருக்கிறது, மலம் தெரிகிறது, சறுக்கின் கீழ்த் தொட்டியில் அடித்தரை தெரியவில்லை, சோதனையில் குளோரின் பூஜ்யம். இவற்றில் எது வந்தாலும் முதலில் பிள்ளைகளை வெளியே எடுத்துவிட வேண்டும். வைத்தியம் அப்புறம்.

தண்ணீரில் கை வைத்தால் ஜிவ்வென்கிறது

ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. திடல் ஓரத்துச் சிமெண்டுத் திண்டில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். பேரன் கொட்டம் அடிக்கிறான். என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கால தண்ணியில வெச்சுக்கிட்டு இந்தக் கம்பியைப் புடிச்சா ஜிவ்வுங்குது. வாதமான்னு நெனைச்சேன், எடுத்துட்டா சரியாப் போவுது." நான் கம்பியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேரே ஓடி மெயினை இறக்கினேன். அவருக்கு வாதம் இல்லை. மோட்டார் வைண்டிங்கில் கசிவு, எர்த் கம்பி உப்புக் காற்றில் அரித்துத் துண்டாகிக் கிடந்தது. கசிவு வந்தால் சப்ளையை வெட்ட வேண்டிய ஆர்.சி.சி.பி.யை, "அடிக்கடி டிரிப் ஆவுது" என்று யாரோ கழற்றி நேரடியாக இணைத்திருந்தார்கள்.

டிரிப் ஆனதே அது செய்ய வேண்டிய வேலை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தண்ணீர்த் திடல் மோட்டாரை ஓட்டவே கூடாது. அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா, அன்றே மாற்ற வேண்டும். அடிக்கடி விழுகிறது என்றால் மோட்டார், நீருக்கடி விளக்கு, ஜாயிண்ட் டப்பா மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் கசிகிறது என்று தெரிந்துவிடும். விளக்குகள் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில்தான் ஓட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் ஈரம் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

கடற்கரை மணலில் எர்த் குழிக்கு ஒரு குணம் உண்டு: அக்னி நட்சத்திரத்தில் காய்ந்து போய்விடும். ஏப்ரல் முதல் குழியில் வாரம் ஒரு தடவையாவது தண்ணீர் ஊற்றுங்கள், எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷாக் புகார் வந்த நாளில் "டெஸ்டரில் ஒண்ணும் காட்டலை" என்று திறந்துவிட வேண்டாம். டெஸ்டர் சொல்வதை நம்பித் திறக்கிற இடம் இது அல்ல.

கண் சிவக்கிறது, வாடை தூக்குகிறது

இப்போது அந்த வாடைக்கு வருவோம். வேலை செய்யத் தயாராகத் தண்ணீரில் கிடக்கும் குளோரினுக்கு அவ்வளவு வாடை கிடையாது. வியர்வை, சிறுநீர், தோலில் பூசிய கிரீம், இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் மூக்கைத் துளைத்துக் கண்ணை எரிக்கிறது. அதாவது வந்த குளோரின் எல்லாம் அழுக்கோடு கட்டுண்டு கிடக்கிறது, கிருமியைக் கொல்லக் கையில் மிச்சமில்லை. இந்த நேரத்தில் குளோரினைக் குறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இதைக் கண்டுபிடிக்க டி.பி.டி. சோதனைப் பெட்டி வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிற ஓ.டி.ஓ. சொட்டு மருந்து மொத்த குளோரினை மட்டும் காட்டும். கட்டுண்டது எவ்வளவு, சும்மா இருப்பது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. டி.பி.டி.யில் 1ஆம் எண் மாத்திரை போட்டால் வரும் இளஞ்சிவப்பு, சும்மா இருக்கும் குளோரின். அதே குழாயில் 3ஆம் எண் மாத்திரையையும் போட்டால் மொத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குளோரமின். அது 0.4 பி.பி.எம்.-ஐ (லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்) தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும்.

பெரிய குளமாக இருந்தால் குளோரமின் அளவைப் போல் பத்து மடங்கு குளோரினை இரவில் போட்டு எரித்துவிடுவார்கள். 10,000 லிட்டர் தொட்டிக்கு நான் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. பாதித் தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவது சுலபம், செலவும் குறைவு. தண்ணீர்ப் பஞ்ச மாதத்தில் முதலாளி முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இன்னொன்று பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, கார அளவு. இதைச் சரியாக வைக்காமல் கொட்டும் குளோரின் பாதி வீண். பி.எச். 7.5இல் குளோரினில் சுமார் பாதிதான் கிருமி கொல்லும் வடிவில் இருக்கும். 8க்கு ஏறினால் நாலில் ஒரு பங்குதான். 7.2இலிருந்து 7.6க்குள் வைத்துக்கொண்டால் போட்ட காசுக்கு வேலை நடக்கும். திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) பயன்படுத்தும் இடங்களில் பி.எச். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும், ட்ரைகுளோர் மாத்திரையில் இறங்கும். ஏறினால் இறக்க ஆசிட், இறங்கினால் ஏற்ற சோடா ஆஷ். ஆசிட்டை எப்போதும் வாளித் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஆசிட் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பி.எச். இன்றைக்கு 7.2, நாளைக்கு 8 என்று குதித்தால் காரத்தன்மை குறைந்திருக்கிறது என்று அர்த்தம். சமையல் சோடா போட்டு 80இலிருந்து 120 பி.பி.எம்.-க்குள் கொண்டுவந்தால் குதிப்பு அடங்கும்.

விளையாட வரும் முன் பிள்ளைகளை ஷவரில் ஒரு நிமிடம் நிற்க வைப்பது இந்தக் கோளாறில் பாதியை வராமலே தடுக்கும். சொல்லிப் பார்க்கிறேன். பத்துக்கு இரண்டு பேர் கேட்கிறார்கள்.

காலை 3 பி.பி.எம்., பதினோரு மணிக்குப் பூஜ்யம்

இது கோளாறு அல்ல, வெயில். பாதுகாப்பு மருந்து சேராத குளோரினை நம்மூர் உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கும் மேல் தின்றுவிடும். அதோடு ஜெட்டில் தண்ணீர் தூவலாகப் பறப்பதால் காற்றிலும் போகிறது. தண்ணீரோ கொஞ்சம். காலையில் ஒரு தடவை கொட்டிவிட்டு மாலை வரை நிம்மதியாக இருக்கும் வழக்கம் இங்கே செல்லாது.

கணக்கு எளிது. 10,000 லிட்டரில் 1 பி.பி.எம். ஏற்ற 10 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீத ஹைப்போ என்றால் ஏறக்குறைய 100 மி.லி. 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 15 கிராம். சாதா ப்ளீச்சிங் பவுடர் நல்ல சரக்காக இருந்தால் 30 கிராம். நல்ல சரக்காக இருந்தால் என்று சொல்கிறேன், ஏனென்றால் கடலோர ஈரக் காற்றில் திறந்து வைத்த மூட்டை மாதக் கணக்கில் கிடந்தால் அதில் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். ஹைப்போவும் வெயிலில் வைத்த கேனில் நாளுக்கு நாள் வீரியம் இழக்கும். "போட்டேன், ஏறவே இல்லை" என்று புகார் வந்தால் முதலில் சரக்கின் வயதைக் கேளுங்கள்.

வெயிலிலிருந்து காப்பாற்ற சயனூரிக் அமிலம் சேர்ப்பார்கள். ட்ரைகுளோர் மாத்திரையில் அது கூடவே வருகிறது: குளோரின் 10 பி.பி.எம். ஏறினால் சயனூரிக் 6 பி.பி.எம். ஏறும். குளோரின் கரைந்து போகும், சயனூரிக் போகாது. ஒரு சீசன் முழுக்க மாத்திரையிலேயே ஓட்டிய ஒரு திடலில் அது 150ஐத் தாண்டி நின்றது. சோதனையில் குளோரின் 3 காட்டியது, ஆனால் பாசி பிடித்துக்கொண்டே இருந்தது. குளோரின் இருந்தும் கை கட்டப்பட்ட நிலை. அதற்கு மருந்து கிடையாது, தண்ணீரை மாற்றுவதுதான் ஒரே வழி. குழந்தைத் திடலுக்கு என் தேர்வு டோசிங் பம்ப் (மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும் சின்ன பம்ப்) வைத்த திரவ ஹைப்போ, மேலே நிழல் வலை. நிழலை விட மலிவான சயனூரிக் எதுவும் கிடையாது.

ட்ரைகுளோரையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில், ஒரே டோசிங் பெட்டியில் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம்.

பூஜ்யத்தை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்? 2021இல் டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நகராட்சித் தண்ணீர்த் திடலில் விளையாடிய ஒரு குழந்தை, மூளையைத் தாக்கும் நெக்லேரியா அமீபாவால் இறந்தது. விசாரணையில் தண்ணீர்ச் சோதனையைத் தவறாமல் செய்யவும் இல்லை, பதியவும் இல்லை என்று தெரிய வந்தது. அந்த அமீபா சூடான நன்னீரில் வாழ்வது. நம்மூரில் தண்ணீர் வருடம் முழுக்கச் சூடுதான். திறந்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சோதித்து நோட்டில் எழுதுங்கள். மாலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதும் நோட்டைப் பார்த்தாலே தெரியும், ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா வரியிலும் 2.0.

சோதனைக் குழாயில் நிறமே வரவில்லை, ஆனால் வாடை காட்டமாக இருக்கிறது

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் இதில் ஏமாறுவார்கள். குளோரின் 10 பி.பி.எம்.-க்கு மேல் போனால் டி.பி.டி. நிறத்தை அதுவே வெளுத்துவிடும். குழாய் வெள்ளையாக நிற்கும். குளோரின் இல்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். மாத்திரை போட்ட நொடியில் சிவப்பு மின்னி மறைகிறதா என்று கூர்ந்து பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பங்கு திடல் தண்ணீருக்கு நாலு பங்கு குளோரின் இல்லாத குடிநீர் கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் வந்ததும் பிள்ளைகள் இருமுகிறார்கள்

நான் பார்த்ததிலேயே பயந்தது இதற்குத்தான். ஒரு விடுதியில் ஆசிட்டுக்கு ஒன்று, ஹைப்போவுக்கு ஒன்று என்று இரண்டு டோசிங் பம்ப். கையடக்கமானவை, சாதாரண பிளக் பாயிண்ட் போதும். வயர்மேன் பக்கத்து அறையில் இருந்த இன்வெர்ட்டர் லைனில் சொருகிவிட்டார். மோட்டார் மட்டும் மெயின் லைனில். கரண்ட் போனது, மோட்டார் நின்றது, டோசிங் பம்ப் இரண்டும் டிக் டிக்கென்று தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. ஓடாத குழாய்க்குள் ஆசிட்டும் ஹைப்போவும் நேருக்கு நேர் சந்தித்தால் குளோரின் வாயு. இருபது நிமிடம் கழித்து கரண்ட் வந்தது, மோட்டார் அந்த வாயுவை அப்படியே ஜெட் வழியாகப் பிள்ளைகள் முகத்தில் ஊதியது.

நல்ல வேளை, அன்று மூன்று பேர்தான் உள்ளே இருந்தார்கள், இருமலோடு போயிற்று. இப்படி நடந்தால் பிள்ளைகளைக் காற்று வரும் திசைக்குக் கூட்டிப் போங்கள். நம் கரையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று என்பதால் அநேகமாகக் கிழக்குப் பக்கம். உடலில் பட்ட தண்ணீரையும் கண்களையும் நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ நிற்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சில் நீர் கோப்பது மணிக்கணக்கில் கழித்தும் வரலாம்.

சரிசெய்வது ஒரு மணி நேர வேலை. டோசிங் பம்புகளின் சப்ளையை மோட்டாரை இயக்கும் காண்டாக்டர் சுவிட்ச் வழியாக எடுங்கள், மோட்டார் நின்றால் அவையும் நிற்கும். அது மட்டும் போதாது. மோட்டார் ஓடியும் தண்ணீர் வராத நேரம் உண்டு, அதற்குத் தண்ணீர் ஓடாவிட்டால் சப்ளையை வெட்டும் ஒரு ஃப்ளோ ஸ்விட்ச். ஆசிட் சேரும் இடமும் ஹைப்போ சேரும் இடமும் குழாயில் நன்றாகத் தள்ளி இருக்கட்டும். அதோடு ஒரு பழக்கம்: கரண்ட் போனால் பிள்ளைகள் வெளியே, வந்த பிறகு ஜெட் பத்து நிமிடம் வெறுமனே ஓட வேண்டும். பிள்ளைகள் கத்துவார்கள். கத்தட்டும்.

ஜெட் உயரம் குறைந்துவிட்டது

ஃபில்டர் மேலே இருக்கும் பிரஷர் மீட்டரைப் பாருங்கள், அது பாதி விடையைச் சொல்லிவிடும்.

முள் ஏறியிருந்தால் அடைப்பு ஃபில்டரிலோ அதற்குப் பிறகோ. ஃபில்டர் சுத்தமாக இருந்த நாளின் அளவை மீட்டர் கண்ணாடியிலேயே மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அதைவிட 0.5 முதல் 0.7 கிலோ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவுவது. அதற்குத் தண்ணீர்ப் பாதையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வைத் திருப்பும் முன் மோட்டாரை நிறுத்துங்கள், ஓடும்போது திருப்பினால் உள்ளே கேஸ்கட் கிழிந்து அழுக்கு நேரே ஜெட்டுக்குப் போகும். பேக்வாஷ் செய்தும் முள் இறங்கவில்லை என்றால் மணல் கெட்டியாகிக் கட்டி பிடித்திருக்கும், மாற்றும் காலம் வந்துவிட்டது.

முள் இறங்கியிருந்தால் உறிஞ்சும் பக்கம்: தொட்டியில் மட்டம் குறைவு, மோட்டார் முன்னால் இருக்கும் கூடையில் முடி, இலை, ஹேர் பேண்ட். கூடை மூடியின் ஓ ரிங் காய்ந்திருந்தால் காற்று இழுக்கும், ஜெட் துப்பித் துப்பி வரும். ஓ ரிங்கில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள், வண்டி கிரீஸ் ரப்பரைத் தின்றுவிடும்.

எல்லா ஜெட்டும் நன்றாக வந்து ஒன்று மட்டும் சோர்ந்தால் நாசில் வாயில் வெள்ளைப் படிவம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. நாசிலைக் கழற்றி இரவு முழுக்க வினிகரில் ஊற வைத்தால் போதும். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதாகும்.

தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது

பச்சை என்றால் பாசி, குளோரின் சில நாட்களாகவே சரியில்லை என்று பொருள். தேய்த்து, தொட்டியைக் காலி செய்து, கழுவி நிரப்புங்கள். பால் மாதிரி கலங்கல் என்றால் ஃபில்டர், அல்லது பி.எச். ஏறி சுண்ணாம்பு பிரிகிறது.

பழுப்புதான் பலரையும் குழப்பும். போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும், தொட்டியில் நிரப்பிக் குளோரின் போட்ட கால் மணி நேரத்தில் டிகாக்‌ஷன் மாதிரி ஆகிவிடும். குளோரின் கெட்டுப்போனதா என்று கேட்பார்கள். இல்லை, தண்ணீரில் கரைந்திருந்த இரும்பைக் குளோரின் துருவாக்கி வெளியே காட்டிவிட்டது. இரவில் கொஞ்சம் படிகாரம் கரைத்து விட்டு, மோட்டாரை நிறுத்தி, காலையில் அடியில் படிந்ததை ஃபில்டருக்கு அனுப்பாமல் நேரே வெளியே உறிஞ்சி எடுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் போர் தண்ணீரை ஒரு மேல்நிலைத் தொட்டியில் ஷவர் மாதிரி கொட்டவிட்டு, இரும்பு ஃபில்டர் வழியாக எடுப்பது.

மலம், வாந்தி

மறைக்கும் கோளாறு இது. பிள்ளையின் அம்மாவுக்கு வெட்கம், ஊழியருக்கு வேலை, முதலாளிக்கு வசூல். மூவரும் சேர்ந்து ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு செய்துவிடுவார்கள்.

கெட்டியாக இருந்தால் முறத்தாலோ வலையாலோ எடுத்து அப்புறப்படுத்துங்கள், வாக்குவம் போட வேண்டாம். குளோரினை 2 பி.பி.எம்.-க்கும் பி.எச்.-ஐ 7.5க்குக் கீழும் கொண்டுவந்து அரை மணி நேரம் சுற்ற விடுங்கள். வாந்திக்கும் இதுவே.

வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. அதில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். மற்ற கிருமிகள் நிமிடங்களில் சாகும், இது சாதாரண குளோரின் அளவில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்லும் அளவு: சயனூரிக் இல்லாத தண்ணீரில் 20 பி.பி.எம்., 12.75 மணி நேரம். சயனூரிக் 15 பி.பி.எம். வரை இருந்தால் 28 மணி நேரம். எங்கள் அளவு தொட்டிகளில் நான் முதலில் எல்லாத் தண்ணீரையும் வெளியேற்றிவிடுவேன். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது, குழாயிலும் மணலிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். புதுத் தண்ணீர் நிரப்பி, 65 சதவீதச் சரக்கில் 10,000 லிட்டருக்கு 310 கிராம் போட்டு, அந்த 12.75 மணி நேரமும் குறையாமல் இரவு முழுக்கச் சுற்ற விட்டு, காலையில் பேக்வாஷ். அதன் பிறகு அளவு இறங்கும் வரை திறப்பது இல்லை.

2021 ஜூனில் கான்சாஸில் ஒரு வனவிலங்குப் பூங்காவின் தண்ணீர்த் திடலால் 27 பேருக்கு வயிறு கெட்டது. ஷிகெல்லா, நோரோவைரஸ் என்ற இரண்டு கிருமிகளும் பிடிபட்டன. ஆய்வு செய்தவர்கள் கண்ட குறைகளில் ஒன்று, தண்ணீர் இரவு முழுக்க ஓடாமல் சேகரிப்புத் தொட்டியில் தேங்கி நின்றது. நம் ஊரில் ஆறு மணிக்கு மோட்டாரை நிறுத்தி கரண்ட் மிச்சம் பிடிக்காத திடல் எத்தனை? ஜெட்டை நிறுத்துங்கள், தொட்டிக்கும் ஃபில்டருக்கும் நடுவில் சுற்றுவதை நிறுத்தாதீர்கள்.

வழுக்கல், சூடு, துரு

வழுக்கல் என்றால் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலம். இரவில் குளோரின் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காலை வெயிலில் ஒரு மணி நேரம் காய விடுங்கள். டைல்ஸ் போட்ட திடல் என்றால் காய விட்டாலும் வழுக்கும். யார் பளபளப்பு டைல்ஸ் தேர்ந்தெடுத்தாரோ அவரையே அதில் ஓடச் சொல்ல வேண்டும்.

மே மாதத்தில் ரப்பர் தரையும் ஃபைபர் சறுக்கும் தோசைக்கல். திறக்கும் முன் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் தண்ணீர் ஓடவிட்டு ஆற வையுங்கள். சறுக்கில் தண்ணீர் மெல்லிசாக ஓடினால் தொடைத் தோல் உரியும். கைக்குட்டையை ஜாயிண்டுகள் மீது இழுத்துப் பார்த்தால் நூல் மாட்டும் இடம் தெரியும், அங்கேதான் ஃபைபர் கீறுகிறது.

போல்ட்டுகளில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டிருந்தால் கடற்காற்றில் தேநீர்க் கறை மாதிரி துரு வரும். மாற்றும்போது 316 ரகம் வாங்குங்கள். விலை கூடத்தான்.

காலோ முடியோ இழுக்கிறது என்று சொன்னால்

சறுக்கின் கீழே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் தொட்டியில் உறிஞ்சு வாய் இருக்கும். ஒரே ஒரு வாய் இருந்து, தட்டையான மூடி போட்டு, அதன் மேல் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் மோட்டாரின் இழுப்பு முழுக்க அந்த உடம்பின் மேல்தான். பெரியவர் ஒருவர் இழுத்தாலும் வராது, மோட்டாரை நிறுத்தினால்தான் விடும். அமெரிக்காவில் இதற்கென்றே 2007இல் ஒரு சட்டம் வந்தது, வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி சுடுநீர்த் தொட்டியில் இப்படி இறந்த பிறகு.

இரண்டு வாய்கள், குறைந்தது மூன்று அடி இடைவெளி, குவிந்த மூடி, நாலு திருகாணியும் இறுக்கமாக. மூடியில் விரிசல் இருந்தால் அன்று திறப்பு இல்லை. செல்லோ டேப் ஒட்டிய மூடி ஒன்றை என் பையிலேயே வைத்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட. மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் பூட்டிய அறைக்குள் இருக்கக் கூடாது, திடலில் நிற்பவர் பத்து அடி எடுத்து வைத்தால் கைக்கு எட்டும்படி வெளியே வையுங்கள்.

மழை, புயலுக்குப் பிறகு

தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30. இரண்டும் நம் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வேறு. மோட்டார் அறை நிலத்தடியில் இருந்த இடங்களில் எல்லாமே தண்ணீருக்குள்.

வெள்ளம் வடிந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். போடாதீர்கள். மோட்டாரைக் கழற்றிக் காய வைத்து, 500 வோல்ட் மெகரில் (மின் காப்பை அளக்கும் கருவி) ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டினால்தான் இணைக்க வேண்டும். தொட்டியில் இருப்பது சாக்கடை கலந்த தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க இறைத்து, தேய்த்து, வயிற்றுப்போக்குக்குச் சொன்ன அதே 20 பி.பி.எம். வைத்தியம். நனைந்த ப்ளீச்சிங் மூட்டையை உலர்த்திப் பயன்படுத்த வேண்டாம். நனைந்த ட்ரைகுளோர் வாளியை மூடி போட்டு அடைக்கவும் வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும்.

சீசன் முடிந்து மூடி வைத்த திடல் என்றால் சேகரிப்புத் தொட்டியில் நிற்கும் மழைத் தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். காற்றுக் குழாய் வாயிலும் சல்லடையிலும் கொசு வலை கட்டுங்கள், அல்லது வாரம் ஒரு முறை முழுக்க இறைத்துவிடுங்கள். பொங்கல் கழிந்து திறக்கும்போது முதல் வேலையாக நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அரை மணி நேரம் தண்ணீரை வெறுமனே வெளியே ஓட விடுங்கள். போன வருடம் நாலாவது ஜெட்டிலிருந்து எனக்கு ஒரு தேரை வந்தது.